கிளாஸ்கோ நகரம் நெஞ்சுப் படம் எடுத்த ஐந்து வாரங்கள்

ஸ்கொட்லாந்தின் பெருநகரான கிளாஸ்கோவில் 1957ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதி தொடங்கி ஏப்ரல் 12ஆம் திகதி வரை, தேர்தல் காலத்தை ஒத்த ஒரு பிரசாரம் நடைபெற்றது. வீதிகளில் ஒலிபெருக்கி வண்டிகள் ஓடின. மின்விளக்குகளால் அலங்கரிக்கப்பட்ட ட்ராம் வண்டி நகரை வலம் வந்தது. சுவர்களெங்கும் சுவரொட்டிகள். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினார்கள். அவர்கள் எவருக்கும் வாக்குக் கேட்கவில்லை. தெருமுனையில் நிற்கும் எக்ஸ்றே வண்டிக்குச் சென்று நெஞ்சைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டுமே கேட்டார்கள்.

இரண்டரை இலட்சம் பேர் வந்தால் போதும் என்பதே அமைப்பாளர்களின் கணக்காக இருந்தது. நகரவாசிகளும் அயலிடங்களிலிருந்து வந்தவர்களுமாக ஐந்தே வாரங்களில் வந்து நின்றவர்கள் 714,915 பேர். 15 வயதுக்கு மேற்பட்ட நகரவாசிகளில் நான்கில் மூன்று பங்கினர் படம் எடுத்துக்கொண்டனர். அவர்களுள் ஏறத்தாழ 2,800 பேரின் நெஞ்சில், சிகிச்சை தேவைப்படும் நிலையில் காசநோய் இருந்தமை கண்டறியப்பட்டது. முதல் நாள் வரை அவர்கள் தொழிலுக்குப் போய்வந்துகொண்டும், பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டும், ட்ராம் வண்டியில் மற்றவர்களுடன் நெருக்கியடித்துப் பயணம் செய்துகொண்டும் இருந்தவர்கள்.

பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் இருந்தவன் என்ற வகையில், ‘விழிப்புணர்வு’ என்ற சொல் நம்மிடையே எவ்வளவு மலிந்துபோயிருக்கிறது என்பதை நான் நன்கறிவேன். மார்ச் 24ஆம் திகதி உலகக் காசநோய் தினம். ஓர் ஊர்வலம், ஒரு பதாகை, பிரமுகர் ஒருவரின் ஆசிச் செய்தி, மறுநாள் பத்திரிகையில் ஒரு படம் என்பவற்றுடன் அந்த ஆண்டுக்குரிய கடமை நிறைவேறிவிடும். அந்த ஊர்வலத்தைக் கண்டு எத்தனை பேர் வைத்தியரிடம் போனார்கள், போனவர்களில் எத்தனை பேரிடம் நோய் கண்டறியப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. கிளாஸ்கோவில் அந்தக் கணக்கு எழுதிவைக்கப்பட்டது. ஆகவேதான், ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அதைப் பற்றிப் பேச முடிகிறது.

நெஞ்சு நோய்கள் ஒளிந்திருப்பதில் வல்லவை. காலொன்று முறிந்தால் மனிதன் அன்றே வைத்தியசாலைக்குப் போகிறான். சுவாசப்பை சிறிது சிறிதாகக் கெடும்போது, அவனும் சிறிது சிறிதாக அதற்குப் பழகிக்கொள்கிறான். இருமல் வந்தால் பனிக்குளிர் என்கிறான். மூச்சு வாங்கினால் வயதாகிவிட்டது என்கிறான். உடல் மெலிந்தால் வேலைக் கஷ்டம் என்கிறான். தெரிந்தே மறைப்பவர்களும் உண்டு. சயரோகம் என்றும் எலும்புருக்கி என்றும் நம் முன்னோர் தாழ்ந்த குரலில் சொல்லிவந்த நோய் ஒரு வீட்டில் இருக்கிறதென்று வெளியே தெரிந்தால், அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச ஆள் வராது. இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதன்று. கிளாஸ்கோவின் தொழிலாளர் குடியிருப்புகளிலும் அது இருந்தது.

இந்த ஒளிவுமறைவை உடைப்பதற்கான கருவிகள் ஒவ்வொன்றாகவே வந்து சேர்ந்தன. 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி பேர்லினில் றொபேட் கொக் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்தார். 1887இல் எடின்பரோவில் றொபேட் பிலிப் என்ற இளம் வைத்தியர் காசநோய்க்கென்று தனியான ஒரு சிகிச்சை நிலையத்தைத் திறந்தார். நோயாளி ஒருவர் வந்தால் அவரது வீட்டாரையும் அழைத்துப் பரிசோதிக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. 1895இல் றொண்ட்ஜன் எக்ஸ்கதிரைக் கண்டுபிடித்தார். எனினும் ஒரு நகரத்தையே படம் எடுப்பதற்கு எக்ஸ்றேயின் பெரிய படச்சுருள் கட்டுப்படியாகவில்லை. 1936இல் பிரேசில் நாட்டு வைத்தியர் மனுவேல் டி ஆப்ரியூ அதற்கு வழி கண்டார். ஒளிரும் திரையில் விழும் நெஞ்சின் நிழலைச் சாதாரணக் கமராவில் பயன்படும் சிறிய சுருளில் பதிவுசெய்யும் முறை அது. செலவு பெருமளவு குறைந்தது. கருவியை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோகவும் முடிந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1943 முதல், பிரித்தானியா இம்முறையைக் கையாளத் தொடங்கியது.

கிளாஸ்கோவின் நிலைமை மோசமாக இருந்தது. கப்பல் கட்டும் தளங்களும் இரும்பாலைகளும் நிறைந்த அந்த நகரில், ஓர் அறையிலோ இரண்டு அறைகளிலோ முழுக் குடும்பமும் வாழும் மாடிக் குடியிருப்புகள் வரிசை வரிசையாக இருந்தன. கோர்பல்ஸ் பகுதியின் நெரிசல் பிரித்தானியா முழுவதும் பேசப்பட்டது. போருக்குப் பின் ஐரோப்பாவின் பல பகுதிகளில் காசநோய் தணிந்துவந்த வேளையில் ஸ்கொட்லாந்தில் அது தலைதூக்கியது. படுக்கைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர். இடம் போதாமையால் 1951 முதல் சில ஆண்டுகள் நோயாளிகளைச் சுவிற்சர்லாந்தின் மலைச் சிகிச்சை நிலையங்களுக்கு விமானத்தில் அனுப்பிவைக்க வேண்டிய நிலையும் ஏற்பட்டது.

இப்படிப்பட்ட காலத்தில் ஊரைக் கூட்டி நோயைத் தேடியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ‘உனக்குக் காசநோய்’ என்று சொல்லி அனுப்புவதைத் தவிர வேறெதுவும் செய்ய முடிந்திராது. மருந்தில்லாத காலத்தில் நோயைக் கண்டுபிடிப்பது தண்டனையைப் படித்துக் காட்டுவதற்குச் சமம். கிளாஸ்கோவின் பிரசாரம் 1947இல் நடக்காமல் 1957இல் நடந்ததன் முக்கியத்துவம் இங்கேதான் இருக்கிறது. 1943இல் அமெரிக்காவில் ஸ்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1948இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதன் பயனை முறையான சோதனை மூலம் நிறுவியது. 1952இல் ஐசோனியாசிட் வந்தது. அதே ஆண்டு எடின்பரோப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்த ஜோன் குறொஃப்ரன், இம்மருந்துகளைச் சேர்த்து, இடைவிடாமல், போதிய காலம் கொடுத்தால் காசநோயை முற்றாகவே குணப்படுத்தலாம் என்று காட்டினார். ஐம்பதுகளின் நடுப்பகுதியில் காத்திருப்போர் பட்டியல்கள் சுருங்கின. படுக்கைகள் காலியாகத் தொடங்கின. அதன் பின்னரே நகரத்தை அழைத்தார்கள்.

அழைத்த விதமும் கவனிக்கத்தக்கது. ‘இருமல் உள்ளவர்களே வாருங்கள்’ என்று அவர்கள் அழைக்கவில்லை. அப்படி அழைத்திருந்தால் எக்ஸ்றே வண்டியின் வாசலில் நிற்பவரை அயலவர் சந்தேகக் கண்ணோடு பார்த்திருப்பர். எல்லோரையும் அழைத்தார்கள். முதலாளியும் தொழிலாளியும், பாதிரியாரும் பால்காரரும் ஒரே வரிசையில் நின்றார்கள். பிரித்தானியாவின் பல பாகங்களிலிருந்தும் 30க்கும் அதிகமான நடமாடும் எக்ஸ்றே அலகுகள் வந்திருந்தன. படம் எடுத்துக்கொண்டவருக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னம் கொடுக்கப்பட்டது. அவரது பெயர் வாராந்தப் பரிசுச் சீட்டிழுப்பிலும் சேர்க்கப்பட்டது. சில நாட்களில் நிலைமை தலைகீழாயிற்று. சின்னம் அணிந்தவரை எவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அணியாதவரைப் பார்த்து ‘நீ இன்னும் போகவில்லையா?’ என்று கேட்கும் நிலை வந்தது. வெட்கத்துக்குரிய காரியமாக இருந்தது ஊர்க் கடமையாக மாறியது. பரிசுப் பொருட்கள் ஆளை இழுத்தன என்பது உண்மையே. ஆயினும், எல்லோரும் போகும் இடத்துக்குப் போவதில் அவமானம் இல்லை என்ற துணிவே கூட்டத்தைக் கூட்டியது என்று நான் கருதுகிறேன்.

கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்த நம்மவர் பலர் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சுப் படம் எடுத்திருப்பார்கள். படத்தில் ஏதாவது தெரிந்து பயணம் தடைப்பட்டுவிடுமோ என்ற நெஞ்சிடி அவர்களுக்கு நினைவிருக்கும். கிளாஸ்கோவில் எடுக்கப்பட்டதும் அதே படம்தான். அங்கே படத்தில் ஏதாவது தெரிந்தால் கதவு மூடப்படவில்லை, சிகிச்சைக்குரிய கதவு திறந்தது. தன்னை விலக்கிவைப்பதற்காகத் தேடுகிறார்களா, குணப்படுத்துவதற்காகத் தேடுகிறார்களா என்பதை நோயாளி மிக விரைவாகப் புரிந்துகொள்கிறான்.

பிரசாரத்தின் பலன் என்ன? அவ்வாண்டு பதிவான காசநோயாளர் தொகை, வழக்கமாக எதிர்பார்க்கக்கூடியதைப் போல் இரு மடங்காகியது. மேலோட்டமாகப் பார்த்தால் நோய் பெருகிவிட்டது போன்ற தோற்றம். மறு ஆண்டில் தொகை திடீரென வீழ்ந்தது. வீழ்ந்தபின் மீண்டும் பழைய நிலைக்கு ஏறவில்லை. பழைய பதிவேடுகளை இக்காலப் புள்ளிவிபர முறைகளால் மீளாய்வு செய்து 2024இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, அந்த ஐந்து வாரங்களால் அடுத்துவந்த ஆண்டுகளில் சில ஆயிரம் பேர் நோயிலிருந்து தப்பினர் என்று மதிப்பிட்டுள்ளது. நோயாளி ஒருவரைக் கண்டுபிடித்துக் குணப்படுத்தினால் அவரிடமிருந்து தொற்ற இருந்தவர்களும் காப்பாற்றப்படுகிறார்கள் என்ற எளிய உண்மைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, காட்சி இந்தியாவுக்கு மாறுகிறது. கிளாஸ்கோவின் வழியை அப்படியே பின்பற்ற வறிய நாடுகளால் முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடியவை அங்குள்ள இரு நகரங்கள். முதலாவது சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் அமைக்கப்பட்டது. வொலஸ் ஃபொக்ஸ் என்ற பிரித்தானிய வைத்தியரின் வழிகாட்டலில் நடந்த அதன் முதல் ஆய்வு 1959இல் வெளியாயிற்று. நெரிசலான வீடுகளில், போதிய உணவின்றி வாழ்ந்த ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சிகிச்சை நிலையப் படுக்கையிலும் மறுபிரிவினருக்கு வீட்டிலும் ஓராண்டு காலம் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். குணமானோர் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வீட்டிலிருந்து சிகிச்சை பெற்றதால் வீட்டாருக்குத் தொற்று அதிகரிக்கவும் இல்லை. மலைக்காற்றும் மாளிகை போன்ற சிகிச்சை நிலையமும் இல்லாமலே இந்நோயைத் தீர்க்கலாம் என்பதைச் சென்னையின் ஏழைகள் உலகுக்கு நிரூபித்தார்கள். தமிழர் பெருமை பேசுவோர் அரிதாகவே குறிப்பிடும் ஒரு பெருமை இது.

இரண்டாவது பெங்களூர். 1959இல் அங்கே தேசிய காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. சமூகவியல் நோக்குடைய வைத்தியரான டி. பனர்ஜி, ஸ்ரீக் அன்டர்சன் என்பவருடன் சேர்ந்து தும்கூர் மாவட்டக் கிராமங்களில் நடத்திய ஆய்வு 1963இல் வெளிவந்தது. கிராமத்து மக்கள் அறியாமையில் மூழ்கியவர்கள், நோய் முற்றும் வரை வைத்தியரை நாட மாட்டார்கள் என்பதே அதுவரை அதிகாரிகளின் நம்பிக்கை. ஆய்வு அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியது. காசநோய் கண்டறியப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தமக்கு ஏதோ நோய் இருப்பதை உணர்ந்திருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே ஒரு வைத்திய நிலையத்தின் படியேறி வந்திருந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு போத்தல் இருமல் மருந்து.

இந்த ஒரு செய்தி விழிப்புணர்வுப் பிரசாரம் செய்வோர் அனைவரும் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டிய ஒன்று. அறிய வேண்டியவர் நோயாளி மட்டுமே என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். வந்தவரின் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்ற விழிப்பு வைத்திய நிலையத்துக்கு இல்லையென்றால், சுவரொட்டி ஒட்டி எத்தனை பேரை அங்கே அனுப்பினாலும் அவர்கள் இருமல் மருந்துப் போத்தலுடன் வீடு திரும்புவார்கள். அடுத்த முறை அழைத்தால் வரவும் மாட்டார்கள். 1962இல் வகுக்கப்பட்ட இந்தியாவின் தேசிய காசநோய்த் திட்டம், நாடிவருவோரைச் சாதாரண வைத்திய நிலையங்களிலேயே பரிசோதித்துக் கண்டறிவதை அடிப்படையாகக் கொண்டது.

பின்னர் வந்த மாற்றம் அளவு மீறியது. செல்வந்த நாடுகளில் நோய் குறையக் குறைய, எக்ஸ்றே வண்டிகள் ஆயிரக்கணக்கானோரைப் படம் எடுத்தும் விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளரையே கண்டன. 1974இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, வேறுபாடின்றி எல்லோரையும் படம் எடுக்கும் முறையைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. நோய் குறைந்த நாடுகளுக்கு அது சரியான முடிவு. நோய் மலிந்த நாடுகளிலோ, வருபவரைப் பார்த்தால் போதும், தேடிப்போக வேண்டியதில்லை என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. பிற்காலத்தில் பல நாடுகளில் வீடு வீடாக நடத்திய கணிப்பாய்வுகள் அதன் குறையை வெளிப்படுத்தின. சளியில் கிருமி உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொடர்ந்த இருமலே இல்லை. இருமல் இல்லாதவர் வைத்தியரை நாடிப் போவதெப்படி? வியட்நாமின் கா மாவ் மாகாணத்தில் மூன்று ஆண்டுகள் ஊர் முழுவதையும் ஆண்டுதோறும் பரிசோதித்தபோது, அவ்வாறு செய்யாத ஊர்களைவிட நோயின் பரம்பல் 44 வீதம் குறைந்திருந்ததாக 2019இல் அறிவிக்கப்பட்டது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் நெஞ்சுப் படங்களைக் கணினியால் வாசித்து அறியும் முறையையும் ஏற்றுக்கொண்டது. கிளாஸ்கோவின் எக்ஸ்றே வண்டி வேறு உருவில் மீண்டும் புறப்பட்டிருக்கிறது. அதற்குத் தேவையும் இருக்கிறது. 2023இல் உலகில் 1 கோடியே 8 இலட்சம் பேர் காசநோய்க்கு ஆளாகினர் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. கண்டறியப்பட்டுப் பதிவானவர்கள் 82 இலட்சம் பேரே.

காசநோய்க்கு அப்பாலும் இதே கதை தொடர்கிறது. நாட்பட்ட சுவாசத் தடை நோய் உள்ளோர் பிரித்தானியாவில் 37 இலட்சம் பேர் இருக்கலாமென்றும், அவர்களில் 9 இலட்சம் பேருக்கே நோய் கண்டறியப்பட்டுள்ளதென்றும் பிரித்தானிய சுவாசப்பை அமைப்பு 2007இல் கூறியது. 2012இல் இங்கிலாந்தில், மூன்று வாரங்கள் இருமல் நீடித்தால் வைத்தியரிடம் போங்கள் என்ற ஒரே செய்தியைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். முந்திய ஆண்டின் அதே மாதங்களைவிட ஏறத்தாழ 700 பேருக்கு மேலதிகமாகச் சுவாசப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது; ஏறத்தாழ 300 பேருக்கு மேலதிகமாகச் சத்திர சிகிச்சை செய்ய முடிந்தது. அறிவுரைப் பட்டியல் நீளவில்லை. மூன்று வாரம் என்ற ஓர் அளவுகோலைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

எமது நாட்டின் நிலை என்ன? இலங்கையில் மாவட்டந்தோறும் மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்கள் உண்டு. பரிசோதனையும் மருந்தும் இலவசம். இவ்வகையில் பல நாடுகளைவிட நாம் முன்னிற்கிறோம். ஆயினும் 2010களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 14,000 பேர் காசநோய்க்கு ஆளாகியிருக்கலாம் என மதிப்பிடப்பட்ட நிலையில், பதிவானவர்கள் அதைவிட ஆயிரக்கணக்கில் குறைவானவர்களே. எஞ்சிய ஆயிரக்கணக்கானோர் நம்மிடையே, பஸ்ஸில் நமக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள்தாம். சுவாசத் தடை நோயைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். அது புகைபிடிப்போரின் நோய் என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. 2012ஆம் ஆண்டின் சனத்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்நாட்டின் நான்கில் மூன்று பங்கு வீடுகளில் விறகு அடுப்பே எரிந்தது. வாழ்நாளில் ஒரு சுருட்டையும் தொட்டிராத நம் தாய்மார் நாற்பது ஐம்பது ஆண்டுகள் அந்தப் புகையைச் சுவாசித்திருக்கிறார்கள். மாடிப்படி ஏறும்போது அவர்களுக்கு மூச்சிரைத்தால் ‘அம்மாவுக்கு வயதாகிவிட்டது’ என்று சொல்லிவிடுகிறோம். ஸ்பைரோமீற்றர் என்னும் கருவியில் ஒரு தடவை ஊதிப் பார்க்குமாறு அவர்களை அழைத்துச் செல்ல எவருக்கும் தோன்றுவதில்லை.

ஒரு பிரசாரம் நோயைக் கண்டுபிடிக்க வேண்டுமாயின், அதற்கு முன் மூன்று காரியங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. கண்டுபிடித்தால் கொடுப்பதற்கு மருந்தும் இடமும் இருக்க வேண்டும். வருபவரை உடனே பரிசோதிப்பதற்கு வைத்திய நிலையம் விழித்திருக்க வேண்டும். வருவதில் அவமானம் இல்லாதவாறு எல்லோரும் ஒன்றாக வர வேண்டும். இவை மூன்றும் அமைந்த ஓரிடத்தில் ஒலிபெருக்கியும் சுவரொட்டியும் உயிர் காக்கும் கருவிகளாகின்றன. அமையாத இடத்தில் மார்ச் 24ஆம் திகதி ஊர்வலம் போகும். மறுநாள் பத்திரிகையில் படம் வரும்.

மூன்று வாரங்களுக்கு மேல் இருமல் நீடிக்கும் எவராவது உங்கள் வீட்டில் இருந்தால், கடையில் இன்னொரு போத்தல் இருமல் மருந்து வாங்குவதற்கு முன் அவரை ஒரு மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். முடிந்தால் நீங்களும் அவருடன் சேர்ந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள். வரிசையில் அவர் தனியாக நிற்க வேண்டியதில்லை.